வாசற்கதவில் ஒரு விமானம்

பிரியமுள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை; நின்றுகொண்டே எழுதுகிறேன். உங்கள் மகன் சேகருக்குப் பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது! காலைத் தபாலில் உத்தரவு வந்தது. போன ஆவணியில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள்.

யுத்தம் முடிந்து விழுப்புரத்தில் விமான உதிரிகளை எடைக்குப் போட்டபோது, மற்றவர்கள் அலுமினியத்தை வாங்கிக் குண்டான் செய்துகொண்டார்கள். நீங்கள் மட்டும் முக்கோணத் தகடு ஒன்றையும் இழுகம்பிகளையும் அவற்றை இறுக்கும் குழலையும் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தீர்கள். அடுப்பங்கரையில் அக்கா கம்பியை இழுத்தால் வாசல் தாழ்ப்பாள் திறக்கும். சுவர் மூலையில் இழுப்பைத் திருப்பிவிட அந்தத் தகடு. உங்கள் அண்ணன் கேட்டது நினைவிருக்கிறதா?

"இன்னாடா தம்பி, கதவுக்கு ஏரோப்ளேன் சாமானா? கூரையைக் கட்டி வை, வூடு பறந்துக்கினு போயிடப் போவுது."

அந்தக் கதவு வழியாகத்தான் அவர் தினமும் காபிக்கு வந்தார்.

நேர்முகத் தேர்வில் விமான உறுப்புகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டார்களாம். முக்கோணத் தகட்டைத் தமிழ் அதிகாரி ஒருவர் காட்டியதும் சேகர் சொன்னானாம்:

"தாழ்ப்பாள், சார்."

எல்லோரும் சிரித்தார்களாம். நம் குடும்பத்தின் கல்வி பெங்களூர்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"பேரு பெல்கிராங்க்ப்பா. வேலையாவது தெரியுமா?"

"இந்த மூலை அசையாம நிக்கும் சார். இந்தக் கையை இழுத்தா அந்தக் கை பக்கவாட்டுல போவும். எங்க வூட்ல கதவு தொறக்கும். ப்ளேன்ல வால் தகடு அசையும்."

அடுத்து டர்ன்பக்கிள். இரண்டு கம்பிகளை இணைக்கும் சின்னக் குழல்.

"நடுவுல திருகினா ரெண்டு கம்பியும் ஒண்ணா இறுகும். ஒரு பக்க மரை நேரு, இன்னொரு பக்கம் தலைகீழ்."

"மேல மெல்லிசுக் கம்பி சுத்தியிருக்கே, எதுக்கு?"

"பூட்டறதுக்கு சார். அம்மா இழுத்துக்கினே இருந்தா தானா கழண்டுடும். பூட்டாத அன்னிக்குப் பெரியப்பா வெளியவே நின்னாரு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லையாம். எழுதிக்கொண்டார்களாம்.

உத்தரவைப் படித்துக் காட்டினேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது.

"பறக்கிற வேலை வாணாண்டா. அவரு போனதே போதும்."

"பறக்கிறவன் வேற ஆளு, அக்கா. இவன் தரையில நின்னு திருகறவன்."

"இவன் சரியா பூட்டலைன்னா?"

நான் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மாமா. இத்தனை புத்தகம் படித்து என்ன? உங்களிடம் இருந்திருக்குமா பதில்?

அக்கா சேகர் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"போயிட்டு வா. மேல போறதும் ஒருத்தி பெத்த புள்ளதான். திருகி முடிச்சிட்டு இன்னொரு தரம் பாரு."

திங்கட்கிழமை விழுப்புரம் ஜங்ஷனில் நானே அவனை வண்டியேற்றுகிறேன். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலோரம் ஓடி, அக்கா சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நிற்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

அக்காவைக் கொடுத்துவிட்டு உங்களைப் பெற்ற
மச்சான் கோபால்