சூடான பன்னும் வீங்கிய விரல்களும்

மார்ச் 3, திங்கள்

காலையில் குழாயைத் திறக்க முடியவில்லை. விரல் மூட்டுகள் ஊறவைத்த கடலை மாதிரி பருத்துக் கிடக்கின்றன. வெந்நீரில் கைகளை முக்கி வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் கதவருகே வந்து, "என்ன, தண்ணிய வேடிக்கை பாக்குறியா?" என்று சைகையில் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் கொஞ்சல், குத்தல், சண்டை, சமாதானம் எல்லாமே கையால்தான். ஆஸ்பத்திரியில் என் வேலையும் அதுதான்: டாக்டர்கள் சொல்வதைக் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்வது.

அம்மாவுக்குக் கடைசியில் விரலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கு நடுவில் இடுக்கித்தான் குடித்தாள். எனக்கும் அதுவா? எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

அதேதான். முடக்குவாதம். அந்தப் பேரை எவன் வைத்தானோ!

"ரத்தத்துல வீக்கத்தோட அளவு ஏறியிருக்கு. ஆரம்பம்தான், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. டாக்டர்கள் பயப்படாதீங்க என்றாலே எனக்குப் பயம் வந்துவிடும். மாத்திரை எழுதினார். மீன், கீரை, பழம், பருப்பு நிறையச் சாப்பிடணும். சர்க்கரை, மைதா, எண்ணெயில் பொரித்தது குறைக்கணும். "சாப்பாடு துணைக்குத்தான். மாத்திரைக்குப் பதிலா சாப்பாடுன்னு நினைச்சுடாதீங்க."

சர்க்கரையும் மைதாவும்! என் வீட்டுக்காரர் பேக்கரியில் பன் போடுகிறவர். சொன்னால் டாக்டரே சிரித்திருப்பார்.

மார்ச் 8, சனி

வழக்கம்போல எனக்கென்று ஒரு பன் கொண்டுவந்தார், சூடாக, காகிதப் பையில். வயிறு சரியில்லை என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. மாத்திரை போட்டுப் போட்டு அம்மாவின் முகம் உப்பி, அடையாளமே மாறிப்போனது கண்ணிலேயே நிற்கிறது. முதலில் சாப்பாட்டால் முடிகிறதா பார்ப்போமே. நான் மேய்கிற கீரைக்கு ஆடு தோற்றுவிடும்.

வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

"உனக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டுவிட்டார்.

வலிக்கிறதே என்று கொஞ்ச நாளாகக் கையைச் சின்னதாக அசைத்துப் பேசுகிறேன். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் எப்படியோ, அவர் கண்ணுக்கு அது அப்படி. கோபமெல்லாம் இல்லை என்றேன் — அதையும் சின்னதாகத்தான் சொல்ல முடிந்தது. பையிலிருந்த பன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் யாரிடம் பேச? அதற்கே இப்படித் தவிக்கிறேனே, என் கை நின்றுபோனால்? சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. கடவுளே, என்னதான் பண்ணுவேன்?

மார்ச் 27, வியாழன்



இன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவர் வந்தார், காது கேளாதவர். இதய மாத்திரை, வேளைக்கு இரண்டு என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். மோதிர விரல் மடங்கவில்லை. அதுவும் சேர்ந்து நிமிர்ந்தே நின்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டார். கதவுகிட்டப் போனவர் என்ன தோன்றியதோ, திரும்பி மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, "மூணுதானே?" என்றார்.

ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்து மடக்கினேன். திரும்பாமலே போயிருந்தால்? அந்த மனுஷன் வீட்டில் போய் மூன்று மூன்றாக விழுங்கியிருப்பாரே!

வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, டாக்டர், பிரிக்காத அட்டை, பெரியவர். வலியில் கண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பன்னு வேணாங்கறத சொல்ல இத்தன நாளா? நான் நீ வேற பேக்கரிக்கு மாறிட்டியோன்னு நெனச்சேன்!"

அழுதுகொண்டே சிரித்தேன். அவரே அட்டையைப் பிரித்து மாத்திரையை என் வாயில் போட்டார். அப்புறம் கேட்டார், "கை போயிடுமா?" தெரியாது என்றேன்.

ஆஸ்பத்திரியில் நாளையிலிருந்து சைகை தெரிந்த இன்னொருத்தியை என் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மாத்திரை குமட்டுகிறது. விரல்கள் பெரிதாக மாறவில்லை. கண் திறப்பதற்கு முன்னாலேயே போர்வைக்குள் கையை மடக்கிப் பார்க்கிறேன் — இன்றைக்கு மடங்குமா, மாட்டாதா? தினமும் இந்தப் பரீட்சைதான்.

பேக்கரி அடுப்பிலேயே எனக்கு மீன் வாட்டிக்கொண்டு வருகிறார். முழுக் கோதுமையில் சர்க்கரை போடாமல் ஒரு ரொட்டியும் செய்தார். அதை வைத்துச் சுவர் எழுப்பலாம். நன்றாக இருக்கிறது என்றேன். "பொய் சொன்னா கையிலயே தெரியுது" என்றார்.

மே 21, புதன்

ரத்தத்தில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். மாத்திரையா, மீனா என்று கேட்டேன். "ரெண்டையும் விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. நம்பப் பயமாக இருக்கிறது.

ஜூன் 28, சனி

இன்று ஆஸ்பத்திரியில் யாருக்கோ பிறந்தநாள். கேக் கொடுத்தார்கள். ஒரு துண்டு... சரி, இரண்டு துண்டு. முந்தானையில் கிரீம் ஒட்டியிருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

பிடித்தது சண்டை. "நான் அடுப்புல வெந்து மீன் வாட்டிட்டு வரேன், நீ கேக்கு திங்கற!" ஒரு நாள் தின்றால் என்ன குடியா முழுகிவிடும் என்றேன். அம்மா மாதிரி ஆகணுமா என்றார். அதைச் சொன்னதும் எனக்கு ஏறிவிட்டது. அந்தப் பேச்சு வேண்டாம், அந்தச் சுவர் ரொட்டியைத் தினமும் தின்றது யாருக்காக, ஒரு மனுஷி பயந்து பயந்து எத்தனை நாள்தான் கீரை தின்பாள் — சமையலறையில் ஆரம்பித்துக் கூடம்வரை வந்துவிட்டேன். வீசிய கை பட்டு ஒரு டம்ளர் பறந்தது.

அவர் இரண்டு உள்ளங்கையையும் எனக்கு எதிரே நீட்டினார்.

"கத்தாத!" என்றார்.

நான் நின்றேன். மார்ச்சிலிருந்து இவ்வளவு பெரிதாகக் கை வீசிப் பேசியதே இல்லை. அவரும் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக் காலையில் விரல் எப்படி இருக்குமோ, தெரியாது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன்.