ஃபிரிட்ஜைத் திறந்த அம்மாள்

அடியே பெரியவளே,

போனை எடுக்க மாட்டாய் என்றால் இதையாவது படி. என் வலைப்பதிவைப் படித்துவிட்டுத்தான் திண்டிவனத்துக்காரர்கள் சம்பந்தம் வேண்டாமென்றார்கள் என்கிறாய். பெண் பார்க்க வந்த வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து, "இன்னுமா இந்தப் பழசையே வச்சிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டது யார், நானா? பையனைப் பெற்ற அந்த அம்மாளின் பெயரைக்கூட நான் எழுதவில்லை.

பெண்ணைப் பெற்றவர்கள் படும் பாட்டை யாராவது எழுத வேண்டாமா என்று உன் அப்பாவிடம் கத்தினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஊருக்காகவா எழுதுன?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்காக இல்லை. அந்த அம்மாள் ஃபிரிட்ஜில் கை வைத்தபோதே எனக்குப் பதிவின் முதல் வரி வந்துவிட்டது. கூடத்திலிருந்து நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினாய், பையனைப் பிடித்திருக்கிறது என்று. நான் பார்த்தேன். பார்த்தும், வரி மறந்துவிடுமே என்று போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். இந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதிவை நேற்றே எடுத்துவிட்டேன். போனில் குறித்துவைத்த முதல் வரியை மட்டும் அழிக்கவில்லை. அது நன்றாக வந்திருக்கிறதடி, அதுதான் ஆத்திரம்.

உன் அம்மா,
விழுப்புரம்