பாடைக்கு முன் ஆடியவன்

12, செவ்வாய்

புழுக்கம். மொட்டைமாடித் துணியில் மறுபடியும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல். இரண்டாம் முறை அலசல்.

மதியம் பக்கத்து வீட்டுத் தேசம்மா மீன் கூடையோடு நேரே இங்கே. அவள் மகன் குமார் வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் வெல்டர். போன வருஷம் விடுதி மாடியிலிருந்து விழுந்து செத்தான். விபத்து என்று அந்த ஊர்ப் போலீஸ் முடித்துவிட்டது. இப்போது அந்த நாட்டுப் பெண் ஒருத்தி பாட்காஸ்டில் துப்பறிகிறாளாம். இங்கிலீஷ்.

"எங்க கொமாரு பேரு வருதாமே டீச்சரம்மா. கேட்டு சொல்லு."

நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். குமாரின் பெயரை ஒழுங்காக உச்சரிக்கக்கூடப் பழகியிருக்கிறாள். பிறகு அறைத்தோழன் வினோத் பற்றி. இங்கே நடந்த குமாரின் சவ ஊர்வல வீடியோ எங்கோ கிடைத்திருக்கிறது. மேளச் சத்தத்தை ஓடவிட்டு, 'கூடவே தங்கியிருந்தவன் விசிலடித்து ஆடுகிறான். இது துக்கமா?' என்கிறாள். கொஞ்சம் மௌனம். பின்னணி இசை.

தேசம்மா சிரித்துவிட்டாள். "நான்தானே ஆடச் சொன்னேன். எம்புள்ள மேளம் இல்லாம போவானா?"

14, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை.

வினோத் வந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. குமாரின் உடலோடு விமானத்தில் வந்தவன் இவன்தான். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தினக்கூலி. மறுபடி வெளிநாடு போக எல்லா ஏற்பாடும் முடிந்திருந்தது. யாரோ அந்தப் பாட்காஸ்ட் லிங்க்கை ராயபுரம் ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'கொஞ்சம் பொறு' என்கிறாராம். தங்கை கல்யாணம் அந்த வேலையை நம்பித்தான்.

"அழுதுகினேதான் ஆடுனேன் டீச்சர். வீடியோல முதுகுதான் கீது."

அந்தப் பெண்ணுக்கு மெயில் எழுதினேன். உதாரணத்தோடு: உங்கள் பக்கம் அடக்கம் முடிந்ததும் கூடிக் குடித்து, செத்தவரைப் பற்றி வேடிக்கைக் கதை சொல்லிச் சிரிப்பார்களாமே. அதைப் பார்த்து நாங்கள் கொலை என்று சொன்னால்? இங்கே வாலிபச் சாவுக்குத் தோழர்கள் ஆடாவிட்டால்தான் தெரு பேசும். ஒரே ஒருவரிடம் விசாரித்திருந்தால் போதும்.

18, திங்கள்

கரண்ட் இல்லை, காலை முழுதும்.

பதில் வந்திருக்கிறது. மிக மரியாதை. நன்றி, வருத்தம். நிகழ்ச்சிக்குக் கீழே ஒரு குறிப்புப் போடுவார்களாம். வகுப்பில் தப்பாகப் பாடம் நடத்திவிட்டு, திருத்தத்தை ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதுபோல. ஏஜென்ட் அதையா படிக்கப்போகிறார்?

20, புதன்

தேசம்மா. கூடை இல்லாமல். குறிப்பு பற்றிச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

குமார் விழுந்த ராத்திரி அவனுக்கும் வினோத்துக்கும் சண்டையா என்று பாட்காஸ்டில் அந்தப் பெண் கேட்டாளே, நிஜமா என்றாள். வெறும் கேள்விதான், பார்த்ததாக யாருமே சொல்லவில்லை என்றேன்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சுல்ல டீச்சரம்மா. பெத்தவ நான் கேக்கவே இல்லியே."

சாயங்காலம் வினோத் அவளுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி வந்தான், வழக்கம்போல. கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாள். எப்போதும் சொல்லும் 'உள்ள வா நைனா' இல்லை. மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான்.