கிண்ணத்தின் அடியில் அம்மா பெயர்

ஞாயிறு, இரவு

சாக்லேட் துண்டின் மேல் புள்ளி புள்ளியாக ஒரு தடம் இருந்தது.

நேற்று கடலை வெண்ணெயையும் சாக்லேட்டையும் உருக்கி, கார்ன்ஃபிளேக்ஸ் கலந்து, அம்மாவின் கிண்ணத்தால் தட்டில் அழுத்தி, ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் தட்டு காலி. “ஏட்டி, அது இறுகவே இல்ல, கொட்டிட்டேன்” என்றார் மதினி. குப்பைக்கூடையில் ஒரு துணுக்குகூட இல்லை.

மாலையில் மதினியின் அம்மா வீட்டுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். வந்திருந்த பேக்கரிக்கார அக்காவிடம் மதினியின் அம்மா ஒரு தட்டை நீட்டினார். “எம் மக செஞ்சது, தின்னு பாரு.”

“அம்புட்டு ருசி! வாராவாரம் நம்ம கடைக்குச் செஞ்சு தாரியா?” என்று அந்த அக்கா மதினியிடம் கேட்டார்.

மதினி என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

கிண்ணத்தின் அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய அம்மா பெயர்தான் அந்தத் துண்டுகளில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆணியை எடுத்து, அம்மா பெயருக்குக் கீழே என் பெயரையும் கீறினேன்.