கேட்காத கேள்விக்கு ஒரு “ஆமாங்க”

அக்கா,

சற்று முன் கரண்ட் போனது. எதிர்ச் சந்தில் இருக்கும் நிட்டிங் கம்பெனியின் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெலிதாக, விசில் மாதிரி. ஜன்னலைச் சாத்தினேன். தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது இரண்டு நாளாக என் காதுக்குள் இருக்கிற அதே விசில். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

முந்தாநாள் வெள்ளகோவில் பக்கம் திருவிழா. நம் ஜமாப் மேளக் குழுவில் இப்போது உன் மேளத்தை நான்தான் அடிக்கிறேன். நீ எப்போதும் நிற்கிற இடத்தில், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் முன்னால் நின்றேன். “நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கோணும் அம்முணி, அப்பத்தான் அது அடி” என்பாயே, இடித்தது. உன்னை மாதிரியே பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் திரித்துக் காதில் செருகியிருந்தேன். அன்று தொடங்கிய விசில் இன்னும் ஓயவில்லை.

பயத்தில் போனில் தேடினேன். காது டாக்டர் ஒருவர் பேசுகிற வீடியோ. துணியும் பஞ்சும் போதாதாம். காதுக்குள் போய் விரிகிற ஃபோம் அடைப்பான் வேண்டுமாம். பாக்ஸை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், விசில் நிற்காவிட்டால் உடனே போய்க் காட்ட வேண்டும். கெட்டுப்போன காது திரும்ப வராது என்றார். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இன்று வகுப்பில் மிஸ் ஏதோ கேட்டார். “ஆமாங்க மிஸ்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “எந்தப் பாடம் வரைக்கும் படிச்சேன்னு கேட்டா, ஆமாவா?” என்று மிஸ்ஸும் சிரித்தார். அது உன் “ஆமாங்க” அக்கா.

யார் என்ன பேசினாலும் நீ சிரித்துக்கொண்டே “ஆமாங்க” என்பாய். எத்தனை மரியாதையான பொண்ணு என்று ஊரே சொல்லும். பாதிப் பேச்சு உனக்குக் கேட்கவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாராபுரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். “ஆமாங்க” என்றாய். எல்லோர் முகமும் மலர்ந்தது. உன் அம்மா, என் பெரியம்மா, உள்ளே ஓடி, கேசரியில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள். நீ என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்துப்போய், “அந்தம்மா என்ன புள்ள கேட்டாங்க?” என்றாய்.

“கண்ணாலத்துக்கப்புறம் மேளம் அடிக்கறத உட்டுருவயா கண்ணுன்னு.”

“அய்யய்யோ!” என்று வாயைப் பொத்தினாய். பிறகு உன் முந்தானையை ஆளுக்கொரு பக்கம் வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

சிரிப்பு அன்றோடு சரி. மறுநாள் நீ “மேளத்தை உட மாட்டேனுங்க” என்றதும் சம்பந்தம் முறிந்தது. “சபையில ஆமான்னு சொல்லிப்போட்டு மாத்திப் பேசறா, பொய்க்காரி” என்று உன் அப்பா, என் பெரியப்பா, உன்னோடு பேசுவதையே நிறுத்தினார். கேட்கவில்லை என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். “பொய்க்காரின்னா நாளைக்கு மறந்துருவாங்க. செவிடின்னா ஆரு மேளத்துக்குக் கூப்புடுவா? நீ வாயத் தொறக்கப்படாது” என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை.

இப்போது கரண்ட் வந்துவிட்டது. மெஷின் இரைச்சலில் என் விசில் மறைந்துவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. இப்படித்தானே உனக்கும் தெரியாமலே போயிருக்கும்?

அம்மாவிடம் சொன்னால் மேளத்தைப் பிடுங்கிவிடுவாள். எனக்கு மேளமும் வேண்டும், அதைக் கேட்கிற காதும் வேண்டும். விடிந்ததும் சொல்லத்தான் போகிறேன். இவ்வளவு ஏன் பயப்படுகிறாய் என்று அம்மா கேட்பாள். அப்போது உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். பெரியப்பா காதுக்கும் போகும். உன்னோடு பேசாமலே இருந்துவிட்ட மனிதர் அதை எப்படித் தாங்குவார்?

கோபித்துக்கொள்ளாதே அக்கா. நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் மட்டும் வைத்துக்கொண்டு இருக்க இனி முடியாது.