சரியாக இருபது கிராம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைக் கேட்கத்தான் எனக்கு வாய் கூசுகிறது. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, உன் தம்பி இன்னும் வெயில் ஏறித்தான் எழுந்திருக்கிறான். போன வாரம் போனில் நீ அழுதபோது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டென்று வைத்தேனே, கடைக்கு ஆள் வந்ததாகச் சொன்னது பொய். நான் அனுப்பிய மழை மாதத்துச் சருகுப் பைகள் எல்லாமே சரியாக இருபது கிராம் இருக்கின்றன, நீதான் எடையைத் திருத்தினாய் என்று உன் பேராசிரியை சந்தேகப்படுவதாகச் சொன்னாய். திருத்தியது நான்தானடி.

உன் ஆராய்ச்சிக்கென்று கடைக்குப் பின்னால் ஓடையில் வலைப்பைகளில் இருபது இருபது கிராம் சருகு கட்டிப் போட்டுவிட்டு, மாதம் இரண்டை எடுத்து அலசி உலர்த்தி அனுப்பும்மா என்று சொல்லிப் போனாய். வெயில் மாதங்களில் பெரிதாகக் குறையவில்லை, அப்படியே அனுப்பினேன். மழை பிடித்ததும் ஒரு பை எட்டு கிராமுக்கு வந்துவிட்டது. நம் கடையில் எடை போடுகிறவர் பார்த்துவிட்டு, என்னக்கா, பெத்த பொண்ணுக்கே எடை குறைச்சு அனுப்புறீங்களா என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷப் பருப்பு வியாபாரத்தில் ஒரு மூட்டைகூட எடை குறைந்து போனதில்லை. அலசும்போது நான்தான் சிந்திவிட்டேன் என்று நினைத்து, தரம் மாறக்கூடாதென்று அதே மரத்துச் சருகாகப் பொறுக்கி இருபதுக்கு நிரப்பினேன். மூன்று மாதம், ஆறு பை. உன்னிடம் கேட்டால் கவனமில்லை என்பாயே என்று வீம்பு வேறு. நேற்று ஓடையில் இறங்கி மிச்சமிருந்த பையைப் பிரித்தேன். ஊறிப் பஞ்சான இலையை அரிசிமணி அளவுப் பூச்சிகள் மொய்த்துத் தின்றுகொண்டிருந்தன, நரம்பு மட்டும் சல்லடை மாதிரி மிச்சம். எவ்வளவு குறைந்தது என்பதுதான் நீ அளக்கிற சரக்கு என்று அப்போதுதான் நன்றாக உறைத்தது. தராசில் கை வைக்காதவள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன், கடைசியில் வைத்தது உன் தராசில்.

பைகளைப் பிரிக்காமலே நிறுத்ததாகச் சொன்னாய், இப்போது பிரித்துப் பார். பூச்சி அரிக்காத முழு இலையெல்லாம் என்னுடையது, எடுத்து எறி. இந்தக் கடிதத்தைப் பேராசிரியையிடம் வரி விடாமல் படித்துக் காட்டு, அம்மா மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் முழுங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் சொல்லை நாலு பேர் நம்ப வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இதோடு அந்தக் கடைசிப் பையையும் அலசி உலர்த்தி அனுப்புகிறேன். ஆறு கிராம். மூன்று தடவை நிறுத்தேன், கை பரபரத்தது, ஓர் இலைகூடச் சேர்க்கவில்லை.

உன் அம்மா