ரெமி தொட்டிலைத் தாண்டுகிறான்

மார்ச் 3

ரெமி இன்று தொட்டிலிலிருந்து தானே ஏறி வெளியே வந்துவிட்டான்.

மதியம் அவனைப் படுக்கவைத்துவிட்டு அடுப்படியில் உலர்ந்த பீன்ஸ் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டிலில் போர்வை மட்டும் கிடக்கிறது. பிள்ளை வாசல் கதவருகே நிற்கிறான். நெற்றி சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். விழுந்த குழந்தை அழ வேண்டாமா?

தூக்கினேன். பலகை மாதிரி உடம்பை விறைத்துக்கொண்டான். அக்டோபரில் குழந்தைகள் நலத்துறை அதிகாரி கோரா வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து இப்படித்தான். இன்றுவரை என்னை ஒரு பெயரும் சொல்லி அழைத்ததில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவான், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் எலோய் மாலையில் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் சொன்னேன். சிரித்தார். "ரெண்டு வயசுகூட ஆகல, அதுக்குள்ள வேலி தாண்டுறானா? என் பஸ்ல இவன் ஏறுற வருஷம் நான் ரிட்டயர் ஆயிடுறேன்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4

மெத்தையை இன்னும் கீழே இறக்க முடியுமா என்று பார்த்தோம். ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருக்கிறது. எலோய் தொட்டிலைத் திருப்பி, உயரமான பின்பக்கம் அறையைப் பார்க்கும்படி வைத்தார். தாழ்ந்த பக்கம் சுவரோடு சுவராக. "இப்ப ஏறுறா பாக்கலாம்!" என்று அவனிடம் சவால் வேறு.

நான் கதவைச் சாத்திக்கொண்டு வருவதற்குள் ஏறிவிட்டான்.

மார்ச் 6

காலைப் பிரிக்க முடியாதபடி ஒரு தூக்கப் பை வாங்கிப் போட்டேன், கழுத்திலிருந்து பாதம்வரை மூடுகிற பை. அதையும் போட்டுக்கொண்டே ஏறினான். கால் சிக்கித் தலைகுப்புற விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம்.

வளர்ப்பு வீடுகளில் ஒரு சின்னக் காயம் என்றாலும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். கோரா வந்து உதட்டைப் படம் எடுத்துக்கொண்டாள். நல்லவள்தான். ஆனால் அந்த நிமிடம் நான் திருடி மாதிரி நின்றேன்.

"ரூம் கதவைப் பூட்டக் கூடாது லிண்டா, தொட்டிலுக்கு மேல வலை போடக் கூடாது, உங்க கட்டில்லயும் படுக்க வைக்கக் கூடாது. பேசாம மெத்தையைத் தரையில போட்டுருங்க."

"தரையில போட்டா ஓடிருவானே!"

"தொட்டில்ல போட்டாலும் ஓடுறானே."

அதுவும் சரிதான். இருந்தாலும் தொட்டில் என்றால் அந்தத் தொப்பென்ற சத்தமாவது கேட்கும். தரையிலிருந்து எழுந்து நடந்தால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 8

இன்று அந்தப் பெண் ரெமியைப் பார்க்கிற நாள். சனிக்கிழமைதோறும் நலத்துறை அலுவலகத்தில், பொம்மைகள் போட்ட அந்த மஞ்சள் அறையில் ஒரு மணி நேரம். ஷான்டெல். ரெமியைப் பெற்றவள், இருபத்திரண்டு வயது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக ஒரு சிகிச்சை இல்லத்தில் இருக்கிறாள். அவள் தேறும்வரை பிள்ளை எங்களிடம்.

ரெமி அவள் காலைக் கட்டிக்கொண்டான். அந்தக் கையில் எவ்வளவு பலம்!

அவள் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். "என்ன ஆச்சு மிஸஸ் ட்ருஹியோ?"

"தொட்டில்லேர்ந்து விழுந்துட்டான்."

"தொட்டிலா? அவன் தொட்டில்ல படுத்ததே இல்லையே. பொறந்ததுலேர்ந்து என்கூடத்தான் படுப்பான்."

அவ்வளவுதான் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. உன்கூடப் படுக்கவைத்து என்ன கிழித்தாய்? அவன் ஏன் என் வீட்டில் இருக்கிறான்? இப்படி நினைப்பது பாவம். நினைத்தேன்.

மார்ச் 9

நேற்று அவளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து படுக்கவைக்கப் படுக்கவைக்க ஏறுகிறான். போட்டேன், வந்தான். போட்டேன், வந்தான். கடைசியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நான்தான் அழுதேன். அவன் கம்பி வழியாக வேடிக்கை பார்த்தான்.

மார்ச் 19

கதவு, தொட்டில், கதவு, தொட்டில்.

மார்ச் 27

பூசைக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை. முடியை வாரிக்கொண்டு எத்தனை நாளாயிற்று? எலோய் என் முகத்தைப் பார்த்து, "வேணாம்னா சொல்லிரு லிண்டா. யாரும் உன்னைத் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார்.

நான் நினைப்பேனே.

எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு இப்போது தோன்றுகிற காரணத்தை யாரும் சொல்லவில்லை. பிள்ளை வளர்க்க எனக்கு வராது. அவ்வளவுதான். சிலருக்குப் பாட்டு வராத மாதிரி.

ஏப்ரல் 2

பின்பக்க வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பனி உருகிய தண்ணீர், பழுப்பாக, வேகமாக. தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் சந்தோஷம். எலோய் மிளகாய் நட மண்ணைக் கொத்திப் போட்டிருக்கிறார். நான் வாசல் தாழ்ப்பாளைச் சோதித்தேன். பிறகு இன்னொரு தடவை சோதித்தேன்.

ஏப்ரல் 8

எழுதிவிடுகிறேன்.

மதியம் அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துக் குளிக்கப் போனேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தால் தொட்டில் காலி. வாசல் பூட்டித்தான் இருக்கிறது. அப்பாடா என்று திரும்பினால் பின்கதவு— நான்தான் துணி காயப்போட்டுவிட்டுச் சும்மா சாத்தியிருக்கிறேன்.

ஈரத்தலையோடு, செருப்பில்லாமல் ஓடினேன். ரெமி ரெமின்னு கத்துறேன், எனக்கே என் குரல் கேக்கல. தண்ணி மட்டும் கேக்குது. எந்தப் பக்கம் ஓடுறது? தண்ணி போற பக்கமா, வர்ற பக்கமா? சாமி, எந்தப் பக்கம்?

அப்போது எலோய் கரை மேல் வந்தார். காலைப் பேருந்து நடையை ஓட்டி முடித்துச் சாப்பிட வந்தவர், வண்டியை நிறுத்தும்போதே கரையில் மஞ்சள் சட்டையைப் பார்த்திருக்கிறார். பிள்ளை அவர் தோளில். முழங்கால்வரை ஈரம். இருவருக்கும்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல லிண்டா." அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் உதடு வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

ரெமி அழவில்லை. தண்ணீரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஏப்ரல் 9

கோராவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பிறகு, "என்னால முடியல. அவன வேற வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க" என்றேன்.

"வேற வீடு பாக்கக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் வச்சுக்குவீங்கல்ல?"

வைத்துக்கொள்வேன். என்ன வார்த்தை அது, யாரோ விட்டுப்போன பெட்டியை வைத்துக்கொள்கிற மாதிரி.

ஏப்ரல் 10

எலோய் விடுப்புப் போட்டார். தொட்டிலைப் பிரித்து வெளியே கொண்டுபோனார். இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்கினார், ஏறினால் சாயாமல் இருக்க. அறை வாசலில் குட்டிக் கதவு, இரண்டு வாசல்களிலும் பெரியவர்களுக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் சங்கிலி, திறந்தால் அலறுகிற மணி. மெத்தை தரையில். போன மாதமே கோரா சொன்னதுதான். போகப் போகிற பிள்ளைக்கு இப்போது செய்கிறோம்.

மதியம் மெத்தையில் விட்டேன். எழுந்து குட்டிக் கதவருகே போய் உட்கார்ந்தான். ஏறவில்லை. எனக்கு நிற்கவும் தெம்பில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்துவிட்டேன். தூங்கவைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. முடியவில்லை, அதனால் படுத்தேன்.

எவ்வளவு நேரமோ. நகர்ந்து நகர்ந்து வந்தான். மெத்தையில் படுத்துக்கொண்டு ஒரு காலை மட்டும் நீட்டி என் வயிற்றின் மேல் வைத்தான். நான் இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. அப்படியே தூங்கிப்போனான்.

அந்தப் பாதம் எவ்வளவு சூடு!

ஷான்டெல் அன்றைக்கே சொன்னாளே. பக்கத்தில் ஆள் வேண்டும் அவனுக்கு. வேறொன்றும் இல்லை. அவள் சொன்னதாலேயே நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 12

இன்றும் கால். இன்றும் தூங்கினான். என் முதுகுதான் போயிற்று.

ஏப்ரல் 14

"இந்தா" என்றான்.

எதையோ கொடுக்கிறான் என்று நினைத்தேன். கை காலியாக இருந்தது. எலோய்தான் சொன்னார்: "உன்னைக் கூப்புடுறான். லிண்டா... இந்தா." சொல்லிவிட்டு அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஏப்ரல் 15

காலையிலேயே கோராவைக் கூப்பிட்டேன். "நான் சொன்னதை விட்டுருங்க. அவன் இங்கயே இருக்கட்டும். வீடு தேட வேணாம்."

"தேட வேண்டியதே இல்ல லிண்டா" என்றாள். குரலை மெதுவாக்கிக்கொண்டு சொன்னாள். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஷான்டெல் சிகிச்சை முடிச்சிட்டா. தாயும் பிள்ளையும் சேந்து தங்குற இல்லத்துல அவளுக்கு இடம் கெடச்சிருக்கு. நீதிபதி ஒத்துக்கிட்டார். அடுத்த வாரம் ரெமி அவகிட்ட போறான்."

நல்ல செய்திதானே? இதற்காகத்தானே எல்லாம்? "ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சமைக்க வந்தேன் என்று ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். முட்டைக்குப் பூசிய சாயமெல்லாம் ரெமியின் சட்டையில். முட்டையை ஓட்டோடு கடித்துவிட்டுத் துப்பினான். எலோய் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் நீ? நான்தான் எங்கே போயிருந்தேன்?

ஏப்ரல் 24

போய்விட்டான்.

ஏப்ரல் 25

கோரா வண்டியில் ஏற்றும்போது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாக நானே பிரித்தேன். வேறு யாரும் பிரித்தால் வலிக்கும் என்று.

மே 1

சங்கிலி, மணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தால் மணி அலறுகிறது. எலோய் கழற்றுகிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். தெரியவில்லை.

மே 6

கோரா கேட்டாள், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, அவசரம். என்னால் முடியாது என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. நல்ல வளர்ப்புத் தாய்க்கு இரண்டு தெரிய வேண்டும் போலிருக்கிறது, சேர்த்துக்கொள்ளவும் விட்டுவிடவும். நான் இரண்டிலும் தோற்றவள்.

மே 11

அன்னையர் தினம். நாள் முழுக்கப் படுத்திருந்தேன்.

மே 17

ஷான்டெல் கூப்பிட்டாள். தெரியாத எண். சாயங்காலம், எலோய் வாய்க்காலிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்த நேரம்.

"மிஸஸ் ட்ருஹியோ, கோராகிட்ட கேட்டு நம்பர் வாங்கினேன். கோவிச்சுக்காதீங்க." குரல் உடைந்திருந்தது. "இங்க பிள்ளைங்க தொட்டில்லதான் படுக்கணும்னு விதி. இவன் ஏறி ஏறிக் குதிக்கிறான். நேத்து தலையில அடி. விசாரிக்க வந்த நலத்துறை அம்மா ஏதோ எழுதிக்கிட்டுப் போனாங்க. எனக்குப் பயமா இருக்கு. திரும்பவும் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களோன்னு... நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

என்னிடம் இந்தக் கேள்வியை அவள் கேட்டாள். என்னிடம்.

நான் சமாளிக்கவில்லை, உன் பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள் நான், என்று வாய்வரை வந்தது. அது அவளுக்கு எதற்கு?

"மொதல்ல அழாத" என்றேன். "தொட்டிலைப் பிரிச்சுரு. மெத்தை தரையில. விதின்னு சொன்னா கோராவைப் பேசச் சொல்லு, அவ எழுதிக் கொடுப்பா. அலமாரிய சுவரோட இறுக்கச் சொல்லு. அப்புறம் நீ பக்கத்துல தரையில படு. பேசாத, தட்டிக் கொடுக்காத. அவனே காலை நீட்டி உன் வயித்து மேல வைப்பான். வச்சான்னா தூக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம். அசையாத."

"அசையக் கூடாதா?"

"அசையாத. மூச்சு மாறுற வரைக்கும்."

எதிலோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. வேறு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். சொன்னேன். பீச் பழத்தைத் தோல் சீவிக் கொடுத்தால் தின்பான், சீவாமல் கொடுத்தால் எறிவான். காது பின்னால் சோப்பு பட்டால் கத்துவான். காய்ச்சல் வரும் முன் இடது கண்ணைத்தான் கசக்குவான். எனக்குத் தெரிந்தது எல்லாம் சொன்னேன். ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

"தேங்க்ஸ்" என்றாள். பிறகு, போனைத் தள்ளிப் பிடித்து, "டேய், அங்க ஏறாதே" என்று கத்தினாள். அவன் சிரிப்பது கேட்டது. வைத்துவிட்டாள்.

எலோய் சேற்றுக் காலோடு உள்ளே வந்து, "யாரு?" என்றார்.

"ரெமியோட அம்மா" என்றேன்.

இனி அவள் என்னிடம் கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.